தூதுவளை: வறட்சியைத் தாங்கும் வேலிப் பயிர்

மழை தவறிய வருஷங்களில் கிராமத்துக் குடும்பங்களுக்கு முதன்முதல் முட்டுப்பாடு நேருவது தானியத்திலன்று, காய்கறியிலும் கீரையிலுமேயாகும். அரிசியையும் பருப்பையும் பணம் கொடுத்தேனும் கடையில் வாங்கிவிடலாம். கொல்லைப்புறத்துக் கீரைப் பாத்தியோ, கிணற்றில் நீர் வற்றிய சில நாட்களுக்குள்ளாகவே காய்ந்து போகிறது. 2016 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கமான அளவினின்றும் 100-க்கு 62 பங்கு குறைந்து பெய்தது. 2017 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் எல்லா ஜில்லாக்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவையென்று அரசாங்கத்தாரால் அறிவிக்கப்பட்டன. இத்தகைய காலங்கள் இந்நாட்டிற்குப் புதியனவல்ல, இனி வாராதவையுமல்ல. ஆகையால், நீர் மிகுந்த காலத்தில் மட்டும் பலன் தரும் செடிகளையே நம்பியிராமல், சொற்ப நீரில் உயிர் தரித்து, ஒரு மழை கண்டவுடன் தழைக்கும் செடிகள் சிலவற்றையும் ஒவ்வொரு தோட்டத்திலும் வைத்துக்கொள்வது விவேகமாகும். அத்தகைய செடிகளுள் தூதுவளை முதன்மையானது.

தூதுவளையைப் பயிரிடும் வழக்கம் குடியானவர்களிடையே அதிகமில்லை. அது வேலியில் தானாக முளைக்கும். வேண்டியபோது பறித்துக்கொள்ளலாம் என்பதே நெடுங்கால எண்ணம். ஆனால் அவ்வெண்ணத்திற்கு ஆதாரமாயிருந்த வேலிகள் இப்பொழுது குறைந்து வருகின்றன. உயிர்வேலிகளை அழித்துக் கல்லுக்காலும் முட்கம்பியும் நாட்டும் வழக்கம் பெருகிவிட்டது. எஞ்சிய புதர்களிலோ, மூலிகை சேகரிப்போர் இலையைக் கிள்ளுவதோடு நில்லாமல், கொடியை வேரோடு பிடுங்கிச் செல்லுகின்றனர். பிடுங்கப்பட்ட இடத்தில் செடி மறுபடியும் உண்டாவதற்கு விதையும் இல்லை, வேரும் இல்லை. பாட்டிமார் அறிந்திருந்த செடியைப் பேரப்பிள்ளைகள் கண்ணால் காணாமற் போகும் நிலை பல ஊர்களில் ஏற்பட்டிருக்கிறது. இதற்குப் பரிகாரம், செடியைத் தோட்டத்திற்குள் கொண்டுவந்து முறையாகப் பயிரிடுவதே.

செடியின் குலமும் தோற்றமும்

தூதுவளைக்குத் தூதுளை, தூதுளம், சிங்கவல்லி என்னும் பெயர்களும் உண்டு. இது கத்தரிக் குலத்தைச் சேர்ந்தது. தாவர சாஸ்திரத்தில் இதற்குச் சொலானம் டிரைலோபேட்டம் என்று பெயர். லின்னேயஸ் என்னும் சுவீடன் தேசத்துப் பண்டிதர் 1753 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இப்பெயர் காணப்படுகிறது. டிரைலோபேட்டம் என்பதற்கு மூன்று மடல்களாகப் பிரிந்தது என்பது பொருள். இலையின் வடிவத்தைக் குறித்து இட்ட பெயர் அது. கத்தரிக் குலத்தில் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு முதலியவை அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பல் வழியாக வந்தவை. எல்லோரும் நாட்டுச் செடியென்று கருதும் சுண்டையுங்கூட அக்கண்டத்தைச் சேர்ந்ததே. தூதுவளையோ தென்னிந்தியா, இலங்கை, பர்மா முதலிய பிரதேசங்களில் இயற்கையாக உண்டாவது. இம்மண்ணுக்கும் இச்சீதோஷ்ணத்திற்கும் தொன்றுதொட்டுப் பழகிய செடியாதலின், இதற்குப் பிரத்தியேகமான பராமரிப்பு அதிகம் தேவையில்லை.

இது பல ஆண்டுகள் வாழும் புதர்ச்செடி. அடித்தண்டு நாளடைவில் கட்டையாகி முற்றும். அதினின்று கிளைக்கும் மெல்லிய கிளைகள் அருகிலுள்ள மரத்தையோ வேலியையோ பற்றிக்கொண்டு ஏறும். அவரை, பாகல் முதலியவற்றைப்போல் சுற்றுவதும் பற்றுக்கம்பி விடுவதும் இதற்கு இல்லை. தண்டிலும், இலைக்காம்பிலும், இலை நரம்பிலும் உள்ள கொக்கி போன்று பின்னோக்கி வளைந்த முட்களே ஏறுவதற்குத் துணையாகின்றன. இலை 3 முதல் 5 மடல்களாகப் பிரிந்திருக்கும். பூ ஊதா நிறமானது. நடுவில் மஞ்சள் நிற மகரந்தப் பைகள் நீண்டு நிற்கும். வெள்ளைப் பூப் பூக்கும் செடிகளும் அருமையாகக் காணப்படும். காய் உருண்டையாய்ப் பச்சை வரிகளுடன் இருந்து, பழுக்கும்போது நல்ல சிவப்பாகும்.

மற்றச் செடிகளினின்றும் பிரித்தறிதல்

முள்ளும் ஊதாப் பூவும் உடைய செடி எல்லாம் தூதுவளையன்று. உணவுக்கும் மருந்துக்கும் உபயோகப்படும் செடியாதலால், நடுமுன் ஐயமின்றி அறிந்துகொள்வது அவசியம்.

கண்டங்கத்தரி தரையோடு படர்ந்து வளரும், அதன் முட்கள் நேராகவும் நீளமாகவும் மஞ்சள் நிறமாகவும் இருக்கும், பழமும் மஞ்சளாகும். முள்ளி அல்லது பாப்பாரமுள்ளி என்பது நிமிர்ந்து வளரும் செடி, ஏறுவதில்லை. சுண்டை ஓராள் உயரத்திற்கு மேலும் வளரும். பூ வெண்மையாகவும் காய்கள் கொத்துக் கொத்தாகவும் இருக்கும். மணத்தக்காளிக்கு முள்ளே இல்லை. முசுமுசுக்கை ஏறும் கொடியாயினும் பூசணிக் குலத்தைச் சேர்ந்தது. பற்றுக்கம்பியும் சொரசொரப்பான இலையும் அதற்கு அடையாளம். வளைந்த முள்ளால் ஏறுதல், மடல் பிரிந்த இலை, ஊதாப் பூ, சிவந்த உருண்டைப் பழம் ஆகிய நான்கும் ஒருங்கே காணப்பட்டால் அச்செடி தூதுவளை என்று கொள்ளலாம். நான்கில் ஒன்று ஒவ்வாவிடினும் செடியை அறிந்த பெரியவர் ஒருவரிடம் காட்டிக் கேட்பது நலம். பூவும் பழமும் இல்லாத பருவத்தில் வேலியிலிருந்து செடி கொண்டுவருவதைத் தவிர்க்க வேண்டும்.

வறட்சியைத் தாங்கும் விதம்

தூதுவளை வறட்சியைத் தாங்கும் என்பதற்கு, அதற்கு நீரே வேண்டா என்பது பொருளன்று. இதனைச் சரியாக அறியாமையாலேயே பலர் நட்ட செடியை முதல் கோடையில் இழந்துவிடுகின்றனர். நிலைத்துவிட்ட செடி தன் வேரை ஆழமாகச் செலுத்தி அடிமண்ணின் ஈரத்தை உறிஞ்சுகிறது. கடுங்கோடையில் இலைகளைச் சிறிதாக்கிக்கொண்டும், மூத்த இலைகளை உதிர்த்துவிட்டும் நீர்ச்செலவைக் குறைக்கிறது. மேற்கிளைகள் காய்ந்தாலும் கட்டையான அடித்தண்டில் உயிர் நிற்கிறது. மழை பெய்தவுடன் அங்கிருந்து புதுத் துளிர்கள் கிளம்புகின்றன.

ஆனால் வேர் ஆழம் செல்வதற்கு முன் இச்சக்தி ஒன்றும் செடிக்குக் கிடையாது. இளஞ்செடி கத்தரி நாற்றைப்போலவே வாடக் கூடியது. எனவே முதல் வருஷம் நீர் விட்டுக் காப்பாற்ற வேண்டும். பின்னர் அது தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும். அன்றியும், நீரின்றி உயிரோடிருப்பது வேறு, நீரின்றி இலை தருவது வேறு. கோடையிலும் சமையலுக்கு இலை வேண்டுமாயின், சொற்பமாகவேனும் நீர் விட்டே ஆகவேண்டும். முளைக்கீரைப் பாத்திக்கு ஒன்றுவிட்டு ஒருநாள் நீர் பாய்ச்ச வேண்டியிருக்க, தூதுவளைக்கு வாரம் ஒருமுறை குடத்தால் ஊற்றினாலும் போதும் என்பதே இதிலுள்ள ஆதாயம்.

மண்ணும் இடமும்

செம்மண், சரளை மண், மணற்பாங்கான நிலம் ஆகியவை ஏற்றவை. கரிசலிலும் வரும், ஆனால் மழைக்காலத்தில் நீர் தேங்கும் கரிசற் பூமியில் வேர் அழுகுவதுண்டு. அத்தகைய இடங்களில் ஓரடி உயரம் மண் அணைத்து மேட்டில் நட வேண்டும். வெயில் நன்றாகப் படும் இடம் சிறந்தது. பாதி நிழலிலும் வளரும். அங்கே இலை அகன்றும் மெல்லியதாயும் இருக்கும், காய்ப்புக் குறையும். இலைக்காக மட்டும் வளர்ப்போர் பிற்பகல் நிழல் விழும் வேலியோரத்தைத் தெரிந்துகொள்ளலாம். முட்செடியாதலால், நடைபாதையின் ஓரத்திலும், குழந்தைகள் விளையாடும் இடத்திலும், கன்று காலிகள் கட்டும் இடத்தின் அருகிலும் வைக்கலாகாது.

விதையும் போத்தும்

தூதுவளையை விதையினாலும் போத்தினாலும் விருத்தி செய்யலாம். விதைக்கு நன்றாகச் சிவந்து கனிந்த பழங்களைப் பறித்து, நீரில் பிசைந்து, சதையை அலசிப் போக்க வேண்டும். நீரில் மிதக்கும் விதைகளை நீக்கி, அடியில் தங்கியவற்றைச் சாம்பலிற் புரட்டி நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்ளலாம். ஆடி, ஆவணி மாதங்களில் மேட்டுப் பாத்தியிலோ, மண்ணும் மணலும் மக்கிய எருவும் சம பாகமாகக் கலந்து நிரப்பிய தொட்டியிலோ கால் அங்குல ஆழத்தில் விதைத்து, பூவாளியால் நீர் தெளித்து வர வேண்டும். கத்தரி விதையைப்போல் இது ஒரே சீராக முளைப்பதில்லை. இரண்டு மூன்று வாரங்கள்வரை சிறிது சிறிதாக முளைத்துக்கொண்டிருக்கும். முதல் வாரத்தில் முளை காணாதது கண்டு பாத்தியைக் கொத்திவிடலாகாது. நாற்றுக்கள் அரையடி உயரம் வந்து 5, 6 இலைகள் விட்டதும் பிடுங்கி நடலாம்.

போத்துக்கு, மிகவும் இளசாகவோ மிகவும் முற்றியதாகவோ இல்லாமல், எழுதுகோல் கனமுள்ள தண்டைத் தெரிந்தெடுத்து, 3 அல்லது 4 கணுக்கள் இருக்கும்படி 6 முதல் 8 அங்குல நீளத்திற்கு வெட்ட வேண்டும். அடிப்பக்கத்து இலைகளையும் முட்களையும் நீக்கி, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் மறையும்படி சற்றுச் சாய்வாக ஊன்றி, நிழலில் வைத்து ஈரம் காயாமல் காத்துவந்தால் ஏறக்குறைய ஒரு மாதத்தில் வேர் விட்டுத் துளிர்க்கும். எல்லாப் போத்தும் பிழைப்பதில்லை. 10 செடி வேண்டுவோர் 15 அல்லது 20 போத்து வைப்பது உத்தமம். போத்திலிருந்து வந்த செடி விரைவில் இலை தரும். விதையிலிருந்து வந்த செடிக்கு வேர் ஆழமாகச் செல்லும். மானாவாரியாக விடக் கருதும் வேலிகளுக்கு விதை நாற்றும், நீர் வசதியுள்ள கொல்லைக்குப் போத்தும் பொருந்தும்.

இவ்விரண்டில் எதனைச் செய்தாலும் தாய்ச்செடிக்கு யாதொரு கெடுதியும் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. வேலியில் ஒரே செடிதான் எஞ்சியிருக்கிறதென்றாலும், அதிலிருந்து ஒரு கைப்பிடி பழமும் நாலைந்து கொம்பும் எடுத்தால் போதும்; அச்செடியை அசைக்க வேண்டியதில்லை.

நடவும் நீரும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் நடுவது சிறந்தது. மழைக்காலம் முழுவதும் வேர் இறங்குவதற்கு அவகாசம் கிடைப்பதால், முதற் கோடையைச் செடி ஓரளவு எதிர்த்து நிற்கும். தைக்குப் பிறகு நடுவது நீர் வசதி உள்ளவர்களுக்கு மட்டுமே தகும். ஓரடி நீள அகல ஆழமுள்ள குழி வெட்டி, மேல்மண்ணுடன் ஒரு கூடை மக்கிய தொழு உரம் கலந்து நிரப்பி நட வேண்டும். வேலியோரமாயின் 3 அடிக்கு ஒன்றாகவும், தனிப் பயிராயின் இருபுறமும் 4 அடி இடைவெளியிலும் நடலாம். 50 அடி நீளமுள்ள வேலிக்கு 17 செடிகள் வேண்டும். ஒரு குடும்பத்தின் சமையல் தேவைக்கு 4 முதல் 6 செடிகளே போதுமானவை.

நட்ட முதல் மாதம் மழை இல்லாத நாட்களில் ஒன்றுவிட்டு ஒருநாளும், அடுத்த மூன்று மாதங்கள் வாரம் இருமுறையும், அதன்பின் வாரம் ஒருமுறையும் நீர் விட வேண்டும். இரண்டாம் வருஷம் முதல் கோடையில் 10 அல்லது 15 நாட்களுக்கு ஒருமுறை விட்டாலும் செடி பிழைத்திருக்கும். வாரத்திற்குச் செடி ஒன்றுக்கு 5 லிட்டர் என்று கொண்டாலும், 6 செடிகளுக்கு 30 லிட்டரே செல்லும். அரிசி கழுவிய நீர், காய்கறி அலசிய நீர் ஆகியவற்றைச் சேர்த்து ஊற்றினால் இதற்கென்று கிணற்றில் இறைக்க வேண்டிய அவசியமே நேராது. சோப்பும் காரமும் கலந்த நீரை மாத்திரம் விலக்க வேண்டும். செடியின் அடியில் காய்ந்த சருகையோ தென்னை மட்டைத் தூளையோ மூன்று அங்குல கனத்திற்குப் பரப்பி வைப்பது மண்ணின் ஈரத்தைக் காக்கும். சருகு தண்டில் ஒட்டாமல் சற்று விலகியிருக்க வேண்டும்.

கொம்பும் கவாத்தும்

செடியைத் தரையில் படரவிட்டால் ஒன்றோடொன்று பின்னி முட்புதராகி, இலை பறிக்கவும் களையெடுக்கவும் கையை நுழைக்க முடியாமற் போகும். ஆதலால் தொடக்கத்திலேயே 5 அடி உயரமுள்ள கொம்பு நாட்டியோ, இரண்டு கால்களுக்கிடையே கயிறு கட்டியோ ஏற்றிவிட வேண்டும். இரண்டடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் பெருகும். இலை பறிப்பதும் ஒருவகைக் கவாத்தே. பறிக்கப் பறிக்கத் துளிர் மிகும். ஆண்டுக்கு ஒருமுறை, ஆவணிக் கடைசியில், காய்ந்த கிளைகளை நீக்கி, மற்றவற்றைத் தரையிலிருந்து ஓரடி விட்டு வெட்டி, ஒரு கூடை எரு இட்டு மண் அணைத்தால், மழையோடு புதுக்கிளைகள் தோன்றும். வெட்டிய முட்கிளைகளைப் பாதையில் எறியாமல் இளங்கன்றுகளைச் சுற்றி அடைப்பாக வைக்கலாம்.

உயிர்வேலியில் தூதுவளை

தூதுவளை ஒன்றே மாடுகளைத் தடுக்கும் வேலியாகாது. அது மற்றொன்றின்மேல் ஏறி அதனைச் செறிவாக்கும் செடி. இதற்கு நல்ல உதாரணம் கொங்கு நாட்டுக் கொரங்காடுகளிற் காணலாம். கரூர், திருப்பூர், ஈரோடு ஜில்லாக்களில் மழை குறைந்த பகுதிகளில், கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் உள்ள மேய்ச்சல் நிலங்களைச் சுற்றிக் கிளுவை வேலி வளர்த்துக் காங்கேயம் மாடுகளை அடைத்து மேய்ப்பது பரம்பரை வழக்கம். கிளுவை போத்தினால் எளிதில் பிழைப்பது, வறட்சியைத் தாங்குவது, தலைமுறை தலைமுறையாக நிற்பது. இத்தகைய வேலிகளின் இடைவெளிகளில் தூதுவளை, முசுமுசுக்கை, பிரண்டை, கோவை முதலியவற்றை ஏற்றிவிட்டால், வேலி அடைபடுவதோடு வீட்டுக்கு வேண்டிய கீரையும் மருந்தும் அங்கேயே கிடைக்கும்.

சீமைக்கருவேல் 1877 ஆம் ஆண்டில் கடப்பைப் பகுதியில் விதைக்கப்பட்டது முதல் தென்னாடெங்கும் பரவி, நாட்டுச் செடிகள் நின்ற புறம்போக்குகளையும் கரைகளையும் கவர்ந்துகொண்டது. 2022 ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு அந்நியக் களைத் தாவரங்களை அகற்றுவது பற்றி ஒரு கொள்கையை வெளியிட்டது. ஆயினும், சீமைக்கருவேலைத் தோண்டி எடுத்த இடத்தை வெறுமையாக விட்டால், மண்ணிற் கிடக்கும் விதைகளிலிருந்து அதுவே மறுபடியும் முளைக்கும். அகற்றிய அதே மழைக்காலத்தில் கிளுவையும் அதன்மேல் ஏறத்தக்க நாட்டுக் கொடிகளும் நட்டு, முளைக்கும் சீமைக்கருவேல் நாற்றுக்களை இரண்டு வருஷம் தொடர்ந்து பிடுங்கி வருவதே நிலையான பரிகாரம்.

வேலியில் தூதுவளை பூத்திருப்பதனால் வேறொரு நன்மையும் உண்டு. கத்தரிக் குலத்துப் பூக்களில் மகரந்தப் பையின் நுனியில் சிறு துவாரங்களே உண்டு. அவற்றினின்று மகரந்தத்தை உதிர்ப்பதற்குக் கருவண்டு போன்ற சில வண்டினங்கள் பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்கின்றன. சாதாரணத் தேனீக்கு அவ்வித்தை தெரியாது. கத்தரியும் தக்காளியும் நன்கு காய் பிடிப்பதற்கு இவ்வண்டுகள் உதவுகின்றன. வயலில் பயிர் பூக்காத காலத்தில் இவற்றுக்கு வேலிப் பூக்களே உணவு.

பூச்சிகளும் நோய்களும்

இச்செடியின் நன்மைகளைச் சொல்லும்போது, அதனால் நேரக்கூடிய ஒரு தீங்கையும் மறைக்கலாகாது. கத்தரியைத் தாக்கும் பூச்சிகளும் நோய்களும் அதன் இனத்துச் செடிகளிலும் தங்கக் கூடும். கத்தரிப் பயிர் அறுத்து முடிந்த காலத்தில் அவை இத்தகைய செடிகளில் பிழைத்திருந்து அடுத்த போகத்துக்குத் திரும்பி வரலாம். கத்தரியில் சிற்றிலை நோய் என்று வழங்குவது 1939 ஆம் ஆண்டில் கோயமுத்தூரிலிருந்து முதன்முதல் விவரித்து வெளியிடப்பட்டது. தத்துப்பூச்சியால் பரவும் அந்நோய் கண்ட செடியில் இலைகள் மிகச் சிறுத்து நெருங்கிக் குச்சம்போலாகும், காய்ப்பு இராது. அதற்கு மருந்து இல்லை. தூதுவளையில் அத்தகைய குறி தோன்றினால் தயவு தாட்சணியமின்றிப் பிடுங்கிக் கொளுத்திவிட வேண்டும். கத்தரி, தக்காளி ஆகியவற்றை வியாபாரத்திற்காகப் பயிரிடுவோர் தூதுவளையை அவ்வயலின் வரப்பில் வையாமல் வீட்டுக் கொல்லையிலோ தூரத்து வேலியிலோ வைத்துக்கொள்வது நலம். கத்தரி வாடல் நோயால் செத்த நிலத்தில் தூதுவளையை நடுவதும் தகாது.

புள்ளி வண்டு என்னும் பொறிவண்டினத்துப் பூச்சியும் அதன் மஞ்சள் நிறமான முட்புழுவும் இலையின் பசுமையைச் சுரண்டிச் சல்லடையாக்கும். இலையின் அடிப்புறத்தில் கூட்டமாக இடப்படும் மஞ்சள் முட்டைகளை இலையோடு கிள்ளி அழிப்பதே எளிய வழி. மாவுப்பூச்சி கண்டால் நீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவி, எறும்பு ஏறாமல் தடுக்க வேண்டும். 2008 ஆம் ஆண்டில் கோயமுத்தூரில் முதன்முதல் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, கத்தரி உட்படப் பலவகைச் செடிகளைப் பாழாக்கியதும், 2010 ஆம் ஆண்டில் வரவழைத்து விடப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிகளால் அது அடங்கியதும் பலர் நினைவிலிருக்கும். கொடிய மருந்துகளைத் தெளித்தால் அத்தகைய நன்மை செய்யும் குளவிகளும் மடிந்துவிடும். தூதுவளையின் இலையே உணவாதலால் இரசாயனப் பூச்சிமருந்து அடியோடு விலக்கத்தக்கது. அவசியமாயின், ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் வீதம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஓரிரவு ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைத்து மாலை வேளையில் தெளிக்கலாம்.

பறித்தலும் பக்குவமும்

நட்ட 3 அல்லது 4 மாதங்களில் இலை பறிக்கத் தொடங்கலாம். இளந்துளிரையும் நடுத்தர இலையையும் மட்டும் பறித்து, ஒருமுறைக்குச் செடியிலுள்ள இலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் எடுத்து, இரண்டு மூன்று வாரம் இடைவெளி விட வேண்டும். கத்தரிக்கோலும் தடித்த கையுறையும் இருந்தால் கையில் முள் ஏறாது. சமையலுக்கு முன் இலையின் பின்புறத்து நடுநரம்பிலும் காம்பிலும் உள்ள முட்களைத் தவறாமல் நீக்க வேண்டும். தொண்டையில் முள் சிக்குவது விளையாட்டன்று. குழந்தைகளுக்கும் முதியோருக்கும் கொடுக்கும்போது அரைத்து வடிகட்டிக் கொடுப்பதே உசிதம்.

நெய்யிலோ எண்ணெயிலோ வதக்கித் துவையலாக அரைத்தும், மிளகும் சீரகமும் கூட்டி ரசம் வைத்தும், அரிசி பருப்புடன் அரைத்து அடை வார்த்தும் உண்பது வழக்கம். காயை மோரில் ஊறவைத்து வற்றலாக்கியும் வைத்துக்கொள்வர். மிகுதியான இலையை முள் நீக்கி, அலசி, நிழலில் உலர்த்தி இடித்துச் சலித்துக் காற்றுப் புகாத பாத்திரத்தில் வைத்தால் கோடைக்கு உதவும். வெயிலில் காயவைத்தால் நிறமும் மணமும் குன்றும்.

மருத்துவ உபயோகம்

சித்த வைத்தியத்தில் தூதுவளை கோழைக்கும் இருமலுக்கும் உரிய மூலிகையாகக் கொள்ளப்படுகிறது. வடலூர் இராமலிங்க சுவாமிகள் (1823–1874) நித்திய அநுஷ்டானத்திற்கு விதித்த மூலிகைகளில் கரிசலாங்கண்ணியோடு இதனையும் சேர்த்திருக்கிறார். ஆனால் கத்தரிக் குலத்துச் செடிகள் பலவற்றைப்போல் இதிலும் காரச்சத்துக்கள் இருப்பதால், உணவளவில் கொள்வது நன்று. அதிகமாகக் கொள்வது நன்றன்று. கர்ப்பிணிகளும், நாள்பட்ட நோய்க்கு மருந்து உண்போரும் வைத்தியரைக் கேட்டே மருந்தளவில் உட்கொள்ள வேண்டும். இரண்டு வாரத்திற்கு மேல் நீடிக்கும் இருமலுக்குத் தூதுவளை ரசத்தையே நம்பி நாள் கழிப்பது ஆபத்தானது. அது க்ஷயரோகமாக இருக்கக் கூடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்வது உடனடியான கடமை.

விற்பனை

தூதுவளை இலைக்கும் பொடிக்கும் பட்டணங்களில் கிராக்கி உண்டென்று கேள்விப்பட்டு, ஒரே மூச்சில் ஏக்கர் கணக்கில் நட்டுவிடுவது புத்திசாலித்தனமன்று. 4 அடி இடைவெளியில் ஏக்கருக்கு ஏறக்குறைய 2,700 செடிகள் பிடிக்கும். அவ்வளவு செடிகளிலும் முள்ளுக்கு நடுவே இலை பறிப்பதற்குக் கூலியே பெருஞ்செலவாகும். முதலில் 5 செண்டு நிலத்தில் 136 செடிகள் அளவில் நட்டு, ஓராண்டு கணக்கெழுதிப் பார்க்க வேண்டும். பச்சையிலைக்கும் உலர்ந்த இலைக்கும் எடையில் மிகுந்த பேதம் உண்டு. ஒரு கிலோ பச்சையிலையை உலர்த்தி நிறுத்துப் பார்த்த பின்னரே வியாபாரியிடம் விலை பேச வேண்டும். பறிப்புக் கூலி, உலர்த்தும் செலவு, வண்டிச் சத்தம் ஆகியவற்றைக் கழித்து மிஞ்சுவது எவ்வளவென்று தெளிந்த பிறகே நிலத்தைப் பெருக்கலாம். கிராமச் சந்தைக்கு அருகில் உள்ளோர், கட்டுக் கீரையாக வாரம் ஒருமுறை விற்பதும், தொட்டியில் நாற்று வளர்த்து விற்பதும் இதனினும் எளிய வழிகளாகும்.

கிராம அதிகாரிகளின் கவனத்திற்கு

புறம்போக்கு நிலங்களிலும் வாய்க்கால் கரைகளிலும் உள்ள நாட்டு மூலிகைகள் ஊர்ப் பொதுச் சொத்து. 2002 ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் அதற்கெனக் குழு ஒன்று அமைக்கவும், ஊரிலுள்ள செடி கொடிகளைப் பற்றிய பதிவேடு எழுதவும் ஏற்பாடு உண்டு. அப்பதிவேட்டில் தூதுவளை எங்கெங்கே நிற்கிறது என்று குறித்து வைப்பதும், வேரோடு பிடுங்குவோரைத் தடுப்பதும், வேலி சுத்தம் செய்யும்போது நாட்டுச் செடிகளை விட்டுக் களைகளை மாத்திரம் வெட்டச் செய்வதும் அதிகாரிகளால் ஆகக்கூடிய காரியங்கள். பள்ளிக்கூடத் தோட்டங்களில், பிள்ளைகள் கைபடாத ஓரத்தில், பெயர்ப் பலகையுடன் இரண்டு செடி வைத்தால் இளையோர் அதனை அடையாளம் கண்டுகொள்வர்.

வரும் ஐப்பசி மழைக்கு முன் நாலு குழி வெட்டி வைப்பதற்கு ஒருவருக்கும் அரை நாள் வேலைக்கு மேற்படாது. விதைக்குப் பணமில்லை, உரத்துக்கு வீட்டுக் குப்பை போதும், நீருக்கு அடுக்களைக் கழுநீர் போதும். முதல் வருஷம் மாத்திரம் மறவாமல் நீர் ஊற்றிக் காத்தால், மழை பொய்க்கும் வருஷத்திலும் அக்குடும்பத்தின் அடுப்பங்கரைக்குப் பச்சிலை ஒன்று கிடைத்துக்கொண்டிருக்கும். நிலமுள்ள ஒவ்வொருவரும் இவ்வாண்டே இதனைத் தம் வேலியில் நட்டுப் பார்ப்பாராக.